தீயைக் கடந்து வந்த கோளம்

உக்ரைனின் ஷித்தோமிர் நகரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் செர்கேய் கொரோலியோவ். பெற்றோர் பிரிந்ததால் தாய்வழிப் பாட்டன் பாட்டி வீட்டில் வளர்ந்தார். பதினேழாம் வயதிலேயே எந்திரமில்லா வானூர்தி ஒன்றை வடிவமைத்தார். மாஸ்கோவில் பொறியியல் கற்று, ஏவூர்தி ஆய்வில் இறங்கினார். 1938இல் பொய்க் குற்றச்சாட்டின்பேரில் கைதாகி, கோலிமா தங்கச் சுரங்கத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கு நிலவிய குளிரும் பசியும் அவருடைய பற்களைப் பறித்தன. 1944இல்தான் விடுதலை கிடைத்தது.

1957 ஆகஸ்டில் அவருடைய ஆர்-7 ஏவூர்தி பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்தது. ஆனால் அதன் முனைப்பகுதி வளிமண்டலத்தில் நுழைந்ததும் சிதைந்துபோயிற்று. அத்தகைய வேகத்தில் வரும் பொருளுக்கு முன்னால் உள்ள காற்று விலக இடமின்றி நெருக்குண்டு, பல்லாயிரம் பாகை வெப்பம் அடைகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதனால்தான். அவ்வாண்டு அக்டோபரில் ஏவப்பட்ட ஸ்புட்னிக்கிற்கு இச்சிக்கல் இல்லை. அது திரும்பிவர வேண்டியதில்லை. நவம்பரில் சென்ற லைக்கா என்னும் நாய்க்கும் திரும்பும் வழி அமைக்கப்படவில்லை. கலத்தினுள் பெருகிய வெப்பத்தால் அது சில மணி நேரத்தில் இறந்தது.

மனிதரை அவ்வாறு அனுப்ப இயலுமா? கொரோலியோவின் குழுவினர் 2.3 மீட்டர் விட்டமுள்ள கோளத்தைத் தேர்ந்தனர். கூர்முனை எளிதில் கருகும். மழுங்கிய முகமோ கொதிக்கும் காற்றைச் சற்று முன்னதாகவே தடுத்து நிறுத்தும். கோளம் முழுவதும் ஒரு பூச்சு போர்த்தப்பட்டது. அது தான் எரிந்து உதிர்ந்து, வெப்பத்தையும் தன்னோடு கொண்டுபோய்விடும். எடை ஒருபுறமாக வைக்கப்பட்டதால், எப்படிச் சாய்த்தாலும் நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மையைப்போல், கலம் கனத்த பக்கத்தை முன்னிறுத்திக்கொண்டு இறங்கும்.

1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்திரெல்கா என்னும் நாய்கள் உயிரோடு திரும்பின. டிசம்பரில் சென்ற இரு நாய்கள் திரும்பவில்லை.

1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் புறப்பட்டார். இறங்கும் வேளையில், பின்னால் இருந்த கருவிப்பகுதி முழுமையாகக் கழலாமல் கம்பிகளில் தொங்கியது. கலம் கட்டின்றிச் சுழன்றது. சாளரத்திற்கு வெளியே தீ ஒளிர்ந்தது. சுமார் பத்து நிமிடங்களுக்குப் பின்னரே கம்பிகள் அறுந்தன. விடுபட்ட கோளம் தானே நிலைகொண்டது. ஏழு கிலோமீட்டர் உயரத்தில், முன்பே திட்டமிட்டபடி, ககாரின் வெளியேறிப் பாராசூட்டில் தரையிறங்கினார்.

உலகம் ககாரினைக் கொண்டாடியது. கொரோலியோவின் பெயரையோ அரசு மறைத்தே வைத்திருந்தது. 1966 சனவரியில் அறுவை மருத்துவத்தின்போது அவர் மறைந்தார். அதன் பின்னரே அவருடைய பெயரும் படமும் நாளிதழில் வெளிவந்தன.