கொல்லிப் பாவையும் கோவை சாமிக்கண்ணுவும்

கொல்லிமலையிலே ஒரு பாவை இருந்ததாம். உயிரில்லாத உருவம், ஆனால் அசையுமாம், சிரிக்குமாம், சிரித்தே ஆளைச் சாய்க்குமாம்! பூதம் செய்தது என்றார்கள், தெய்வம் செய்தது என்றார்கள். சங்கப் புலவர் பாடினர், பின்வந்தோர் கதை வளர்த்தனர். கண்டவன்தான் ஒருவனும் இல்லை!

உயிரில்லா உருவம் அசைந்ததை மக்கள் மெய்யாகவே கண்டது எதனால்? பூதத்தாலா? இல்லை தோழர்களே, பொறியால்! பாரிஸிலே லூமியேர் சகோதரர்கள் 1895-இல் காசு வாங்கிக் காட்டிய பொறி அது. அதைத் தமிழ்நாட்டு உழைப்பாளியின் கண்முன் கொண்டுவந்தவர் யார்? சீமானா, ஜமீன்தாரா? ரயில்வேயில் வரைபடம் போட்ட ஊழியர், கோவையில் 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட்! அவர் பொறியைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆனால் அது நம் ஊர் வந்த கதை, அவர் கதைதான்.

1905. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை. மாதம் 25 ரூபாய். படம் காட்டி ஊர்சுற்றிய டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர், நோயுற்றுத் தாயகம் திரும்ப எண்ணிக் கருவியையும் சுருள்களையும் விலைபேசினார். 2,000 ரூபாய்க்கு மேல்! கணக்குப் போடுங்கள், ஏறக்குறைய ஏழாண்டுச் சம்பளம். 22 வயது இளைஞர் பணம் புரட்டினார், வாங்கினார், வேலையை உதறினார்.

பிறகு ஊர் ஊராகக் கூடாரம். கருவியைக் கையால் சுற்றவேண்டும். நொடிக்குச் சுமார் 16 படம். கை தளர்ந்தால் திரையில் மனிதன் ஊர்வான், விரைந்தால் ஓடுவான்! ஏசுநாதர் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். பேசாத படங்களுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை முழங்குவது அந்நாளைய வழக்கம். (மேடைப் பேச்சாளராகிய நமக்கு அவர் மூத்த அண்ணன்!) பெஷாவர், லாகூர், பர்மா, மலேயா என்று அலைந்தார். கிராமபோனை இணைத்துப் படத்தைப் பேசவைக்கவும் முயன்றார்.

1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் எழுந்தது. எஞ்சின் வைத்து மின்சாரம், நிலையான கொட்டகை. இதிலே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939-இல். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவன் கையில் காசிருந்தால் கொட்டகைக்குள் நுழைந்தான். டிக்கெட் ஜன்னல் குலம் கேட்கவில்லை. காசும் ஒரு சுவர்தான், மறுக்கவில்லை. எனினும் அது பிறப்போடு ஒட்டிவந்த சுவர் அல்லவே!

பேசும் படம் வந்ததும் கல்கத்தா பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து 1933-இல் ‘வள்ளி திருமணம்’ எடுத்தார், நன்றாக ஓடியது. 1942-இல் மறைந்தார். கோவையில் அந்தச் சாலைக்கு இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர்.