பூவிருந்தவல்லியைக் காணாத பெருமாட்டி

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கிரிமியப் போரில் விளக்கேந்தி நோயாளரைப் பேணிய மாதாகவே நாம் பள்ளிப் பாடங்களிற் கற்றோம். அத்தொண்டு இரண்டாண்டும் நிரம்பாதது. அதன்பின் பல்லாண்டுகள் அவர்தம் சிந்தையை ஆட்கொண்டிருந்தது நம் நாட்டின் சுகாதாரமே என்பதை எடுத்துரைப்பார் சிலரே. அவரோ இந்நாட்டை ஒருநாளேனும் கண்டவரல்லர்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரில் ஆங்கிலேயச் செல்வர்க்கு மகளாய்ப் பிறந்தார். பதினாறாம் வயதில் ஆண்டவர் தம்மை ஊழியத்திற்கு அழைத்ததாக உணர்ந்தார். 1854-இல் 38 செவிலியருடன் ஸ்குதாரி மருத்துவமனையை அடைந்தபோது, காயத்தினும் மிகுதியாய்க் காய்ச்சலும் பேதியுமே சிப்பாய்களைக் கொள்ளைகொண்டன. சாக்கடைகள் திருத்தப்பட்ட பின்னரே மரணம் பெரிதும் தணிந்தது. வைத்தியன் கைம்மருந்து மட்டும் போதாது, கொத்தன் கரணையும் வேண்டும் என்பதை அவர் பின்னர் ஒருபோதும் மறந்திலர்.

1859-இல் இந்தியச் சேனையின் சுகாதாரத்தை ஆராய ராயல் கமிஷன் ஒன்று அமைந்தது. படைநிலையங்களுக்கு அனுப்பப்பெற்ற வினாப்பத்திரத்தை வகுத்தவர் அம்மையாரே. சென்னைக்கு மேற்கேயுள்ள பூவிருந்தவல்லியும் அந்நாளில் வெள்ளைச் சிப்பாய்கள் தங்கி நோய்தேறும் நிலையமாயிருந்தது. குடிநீர் எங்கிருந்து வருகின்றது? கழிவுநீர் எங்கே செல்கின்றது? கொட்டடியில் ஓராளுக்கு எத்துணை இடம்? இவ்வாறான வினாக்களுக்கு வந்த விடைகள் அவரிடத்தே மலைபோற் குவிந்தன. படுக்கையை விட்டெழவும் இயலாத நிலையில், வைத்தியர் சதர்லாந்தும் புள்ளிக்கணக்கறிஞர் வில்லியம் பாரும் துணைநிற்க, அவர் அவற்றை ஆய்ந்தார். ஆண்டுதோறும் ஆயிரம் சிப்பாய்களுள் 69 பேர் மடிந்தனர் என்னும் உண்மை 1863-இல் வெளியாயிற்று.

மறு ஆண்டே சென்னையிற் சுகாதாரக் கமிஷன் ஏற்பட்டது. அதன் தலைவர் எல்லிஸ் துரையுடனும், 1866 முதல் 1872 வரை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபுவுடனும் அம்மையார் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அம்பத்தூருக்கு வடக்கேயுள்ள செங்குன்றத்து ஏரிநீர் கால்வாய் வழியே நகருக்கு வந்தது 1872-இல். அஃது இஞ்சினீயர்களின் செயல். அம்மையாருடையதென்று நாம் கூறோம். ஆயினும் அவர் இடைவிடாது வற்புறுத்தியது இத்தகைய வேலைகளையே. மேற்கூறிய 69 என்னும் தொகை 18 ஆகக் குறைந்ததென்று 1873-இல் அவரே எழுதினார்.

குறையையும் மறைத்தல் தகாது. நோய்க்குக் கிருமி காரணமென்பதை அவர் நெடுங்காலம் ஏற்றிலர். முதலில் அவர் கருதியதும் சிப்பாய்களின் உயிரையே. கடைத்தெரு அழுக்காயிருக்கக் கொட்டடி மட்டும் தூய்மையாயிராது என்று கண்ட பின்னரே அவர் நோக்கம் குடிகள்பாற் சென்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் அவர் உள்ளத்தை உருக்கிற்று. நீர்ப்பாசனத்தில் வல்ல ஆர்தர் காட்டன் துரையுடன் சேர்ந்து ஏரிக்கும் வாய்க்காலுக்கும் வாதாடினார். கிராமத்தார் செலுத்தும் வரி முதற்கண் அவர்தம் கிராமச் சுகாதாரத்திற்கே செலவாதல் வேண்டுமென்று 1892-இல் விண்ணப்பித்தார். அரசாங்கம் அதனை அவர் விரும்பியவாறு ஏற்றிலது. அது நமக்கு இன்றும் வருத்தந் தருவதே. அதே காலத்தில் இங்கிலாந்தின் பக்கிங்காம் நாட்டுப்புறத்தில், ஜில்லா மன்றமும் வைத்திய அதிகாரியும் உடன்பட, பயிற்சிபெற்ற மாதர் வீடுதோறும் சென்று தாய்மார்க்குச் சுகாதாரம் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

முதுமையிற் கண்ணொளி இழந்தார். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் தேகவியோகமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்ய முன்வந்தும் உறவினர் இசைந்திலர். குடும்பத்தார் துயிலும் கிழக்கு வெல்லோ கோயிற்றோட்டத்தில், பெயரின் முதலெழுத்துக்களும் பிறப்பு இறப்புக் குறிப்புமே பொறித்த கல்லின்கீழ் அவர் துயில்கின்றார்.