முகத்தில் தழும்பு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை... வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் சாதித்தது எப்படி?

குழந்தை கீழே விழுந்து முகத்தில் தையல் போட்டுவிட்டால், பெற்றோர் டாக்டரிடம் கேட்கிற முதல் கேள்வி, தழும்பு போயிடுமா என்பதுதான். இந்த முகத்தோட பிள்ளை நாளைக்கு எப்படி வெளியே போகும் என்ற கேள்வியை மட்டும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்ன ஒரு டாக்டர் வேலூரில் இருந்தார்.

யார் இந்த மேரி வர்கீஸ்?

1925-ல் கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதுதான் ஆசை. படிப்பை முடித்து அங்கேயே பயிற்சியில் இருந்தபோது வந்தது 1954.

அன்று என்ன நடந்தது?

சக டாக்டர்களோடு வேனில் சுற்றுலா கிளம்பினார். வழியில் வேன் கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் பலத்த காயம் ஏற்பட்டது. முதுகுத் தண்டும் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. உயிர் பிழைத்தாலும் கால்கள் திரும்பவில்லை. முகத்தில் வடுவும் தங்கிவிட்டது. நேற்று வரை வார்டில் நோயாளிகளைப் பார்த்த டாக்டர், இன்று அதே ஆஸ்பத்திரியில் நோயாளி. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

திருப்பம் எங்கே வந்தது?

அப்போது சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். அவருடைய குழு கைகளோடு நிற்கவில்லை. உள்ளே அமுங்கிய மூக்கைச் சரிசெய்தது, உதிர்ந்த புருவத்தை மீட்டது. அழகுக்காக இல்லைங்க. நோய் குணமான பிறகும் முகத்தைப் பார்த்தே ஊர் ஒதுக்கியது, வேலை கொடுக்க மறுத்தது. அதனால்தான் முகச் சிகிச்சை அவர்களுக்குச் சோற்றுக்கான வழியாகவும் இருந்தது.

கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று மேரியை ஊக்கப்படுத்தியவர் பிராண்ட். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே அதைக் கற்றுக்கொண்டார், தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்தார். முகத்தில் வடுவோடு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் டாக்டரைப் பார்த்த நோயாளிகளுக்கு வேறு ஆறுதல் வார்த்தை தேவைப்படவில்லை.

அதோடு நின்றாரா?

இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூர் திரும்பி அந்தத் துறையின் தலைவரானார். முதுகுத் தண்டு அடிபட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம் 1966-ல் வேலூரில் உருவானது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே குளிப்பது, கைத்தொழில் செய்வது என வீட்டுக்குத் திரும்பி வாழ வேண்டிய எல்லாமே அங்கே சிகிச்சைதான். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் காலமானார்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் பைக்கில் முன்னால் உட்கார்ந்து போகும் குழந்தைகளை இன்றும் பார்க்கலாம். அடிபட்டால் காயத்தில் காபித்தூள், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தையல் பிரித்த புதிதில் தழும்பு சிவந்து, தடித்துத் தெரிவது சகஜம். அது முதிர்ந்து மங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை வெயில் படாமல் பாருங்கள். கடையில் கிடைக்கும் கிரீம்களை இஷ்டத்துக்குத் தடவாமல், டாக்டர் சொல்வதை மட்டும் பயன்படுத்துங்கள். பிறகும் தழும்பு எடுப்பாகத் தெரிந்தால் பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடியை மறைத்து வைப்பது, போட்டோவில் பிள்ளையை ஓரமாக நிறுத்துவது, சொந்தக்காரர்கள் முன் ஐயோ பாவம் என்பது - இதெல்லாம் வேண்டாம். பள்ளியில் யாராவது கேட்டால், கீழே விழுந்தேன், ஆறிடுச்சு என்று ஒரே வரியில் சொல்லப் பழக்குங்கள். தழும்பைப் பற்றிப் பேசுவதை அந்த வரியோடு முடித்துக்கொண்டு விளையாடப் போகட்டும்.