ஏலி ஹாமில்டன் ஜானி

எம் விடுதித் தோழரொருவர் அமெரிக்க நாட்டுச் சரக்குப் புகைவண்டியின் சிற்றுருவமொன்றை, உண்மையளவில் 87-இல் ஒரு பங்காக அமைத்து வருகின்றார். 1890-களின் இடைப்பகுதியில் ஓடிய வண்டி அது. எஞ்சினும் பெட்டிகளும் செவ்வனே அமைந்தன. ஆயின், பெட்டியோடு பெட்டியைப் பிணைக்கும் கப்ளிங் எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதில் அவர் மயங்கினார். பெட்டிகளோடு கூட வந்தவை கொம்பு போன்ற பிளாஸ்டிக் கொக்கிகள். மெய்யான இருப்புப்பாதையில் அத்தகையதொன்றைக் காண்டலரிது. அவர்க்குத் துணைபுரியப் புகுந்த யாம், கொக்கியைத் தேடிச் சென்று ஒரு மனிதரைக் கண்டு மீண்டோம். அவர் வரலாற்றையே ஈண்டு உரைக்கின்றோம்.

ஜானி 1831-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் வர்ஜீனியா மாகாணத்தின் லவுடன் பகுதியிற் பிறந்தார். இளமைபற்றி விரித்துரைக்க வேண்டுவதொன்றுமில்லை. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அடிமை முறையைக் காத்து நின்ற தென்னாட்டார் படையிற் சேர்ந்து மேஜர் பதவி வரை உயர்ந்தார். அவர் சார்ந்த பக்கத்தை யாம் போற்றுதற்கில்லை. எனினும் வரலாறு கூறுவார் அதனை மறைத்தலும் தகாது. 1865-இல் போர் தோல்வியில் முடிந்தது. மேஜராயிருந்தவர் அலெக்ஸாண்டிரியா நகரத்துத் துணிக்கடையொன்றிற் குமாஸ்தாவாய் அமர்ந்தார்.

அக்காலத்து அமெரிக்கப் பெட்டிகள் பிணைக்கப்பட்ட முறையை அறிந்தாலன்றி ஜானியின் பெருமை விளங்காது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் வாய் திறந்த இரும்புக் குழியொன்றுண்டு. நீண்ட இரும்பு வளையமொன்றை இரு குழிகளிலும் நுழைத்து, மேலிருந்து முளையைச் செருகுதல் வேண்டும். எஞ்சின் ஒரு பெட்டியைப் பின்னோக்கித் தள்ளிவர, நிற்கும் பெட்டியின் முன் பிரேக்மேன் நின்று, வளையத்தைக் கையாற் பிடித்து எதிர்க்குழிக்குள் செலுத்தி, இரு பெட்டிகளும் மோதுமுன் கையை வாங்கிக்கொள்வான். கணமொன்று தாழ்த்தால் விரல் போம். கால் இடறினால் உயிர் போம். விரல் குறைந்த கையைக் கண்ட அளவிலே, இவன் பலநாள் தொழில் செய்தவன் என்று அறிந்துகொள்வராம்! 1893-ஆம் ஆண்டுக் கணக்கில் மட்டும், இப்பிணைப்பு வேலையில் ஊனமுற்றும் காயமுற்றும் வருந்தியோர் பதினோராயிரவர்க்கு மேற்பட்டனர்.

குமாஸ்தாவாகிய ஜானி யந்திர நூல் கற்றவரல்லர், பட்டறையிற் பயின்றவருமல்லர். கடை வேலையின் ஓய்வு நேரங்களில் மரத்துண்டுகளைப் பேனாக்கத்தியாற் செதுக்கிச் செதுக்கி மாதிரிகள் செய்து பார்த்தார். 1868-இல் முதலுரிமை பெற்றார், அக்கருவி நிறைவுடையதாகவில்லை. 1873 ஏப்ரல் 29-இல் பெற்ற இரண்டாம் உரிமையே அவர் பெயரை நிறுத்தியது. அதன் அமைப்பை அறிய விரும்புவோர் தம் இரு கைகளின் விரல்களையும் மடக்கி, ஒன்றோடொன்று கோத்து இழுத்துப் பார்க்க. மடங்கிய விரல் போன்ற இரும்புக்கணுவொன்று நிலைக்குத்தான அச்சிலே சுழலும். இரு பெட்டிகள் நெருங்குங்கால் கணு எதிர்க்கணுவால் தள்ளுண்டு உள்ளே மடங்க, பூட்டு தானே விழும். பிரிக்க வேண்டின், பெட்டியின் பக்கத்தில் நின்று கோலொன்றைத் தூக்கினாற் போதும். இடையில் மனிதன் நிற்க வேண்டுவதில்லை.

பென்சில்வேனியா இருப்புப்பாதைக் கம்பெனியார் 1870-களிலேயே இதனைச் சோதித்து ஏற்றனர். ஏனையோர் தயங்கினர். ஆயிரக்கணக்கான கொக்கிகள் உரிமை பெற்றுக் கிடந்த காலமது. ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. 1885-இல் பெட்டி கட்டுவோர் சங்கத்தார் பஃபலோ நகரிற் பல கொக்கிகளைச் சோதித்து, பின்னர் ஜானியின் வகையையே பொது அளவாகத் தெரிந்தெடுத்தனர். அப்பொழுது ஜானி தரப்பினர் கணுவின் விளிம்பு வடிவத்தின்மீது தமக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தனர். எவர் வார்த்த கொக்கியும் எவர் கொக்கியோடும் இணைதல் இதனாலேயே கைகூடிற்று. பிடிவாதமாய் நின்றிருப்பின் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம்; விரல்கள் இன்னும் பல போயிருக்கும். கருவியினும் இக்கொடையையே யாம் பெரிதென மதிக்கின்றோம்.

எனினும் செலவுக்கு அஞ்சிய கம்பெனிகள் தாமாக மாறவில்லை. ஐயோவா மாகாணத்து லாரென்ஸோ காஃபின் என்னும் குடியானவர், பிரேக்மேனொருவன் விரலிழந்ததைக் கண்ணெதிரே கண்டு நெஞ்சு பொறாராய், ஊரூராய்ச் சென்று பல்லாண்டுகள் முறையிட்டார். அதன் பயனாக 1893 மார்ச் 2-இல் தலைவர் பெஞ்சமின் ஹாரிஸன் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அது முற்றும் நடைமுறைக்கு வர 1900 ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் யூடா மாகாணத்து ஓர் உணவுப் பெட்டியை எஞ்சினோடு பிணைக்கப் புகுந்த பிரேக்மேன் கையிழந்தான். எஞ்சினில் ஜானி கொக்கியும், பெட்டியில் மில்லர் கொக்கியும் இருந்தன. இரண்டும் தனித்தனியே தாமே பூட்டுவன, தம்முட் பூட்டா. அவ்வழக்கில் 1904-இல் உச்ச நீதிமன்றத்தார், ஒன்றோடொன்று தானே இணையாத கொக்கிகள் சட்டத்தை நிறைவேற்றா எனத் தீர்த்தனர். அதற்குள்ளாகவே பிணைப்பு விபத்துக்கள் 1893-இல் இருந்தவற்றில் மூன்றிலொரு பங்கிற்கும் கீழே இறங்கியிருந்தன.

1912 ஜூன் 16-இல் ஜானி அலெக்ஸாண்டிரியாவிலேயே காலமானார். நம் நாட்டு எல்.எச்.பி. பெட்டிகளின் நடுவிலே இன்று காணப்படும் கப்ளிங்கும் அவர் கணுவின் வழிவந்ததே.

இனித் தோழர் வினாவிற்கு வருவோம். 1870-இல் ஓடிய வண்டியாயின் வளையமும் முளையுமே பொருந்தும். 1910-க்குக் கணுக்கொக்கியே பொருந்தும். இடைப்பட்ட காலத்தில் இரண்டும் கலந்து ஓடின. பழைய பெட்டியோடும் இணைதற்பொருட்டு, அந்நாளைய கணுவின் நடுவே பிளவும், அதனூடே முளைத்துளையும் விடப்பட்டிருந்தன. சிற்றுருவங்களுக்கென விற்கும் கேடீ கொக்கிகளில் வழக்கமான வகையின் தலை உண்மையளவினும் சிறிது பருத்திருக்கும்; அளவுக்கியைந்த சிறுதலையுடைய வகையும் உண்டு. காந்தத்தாற் பிரிதற்பொருட்டுக் கீழே தொங்கும் கம்பி, காற்றுத்தடைக் குழாயென்றே தோன்றுமாதலின் கண்ணை உறுத்துவதில்லை. தோழர் சிறுதலை வகையையே வாங்கினார். நேற்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் மெல்லிய அரத்தால் முதற்கணுவிற் பிளவிட்டார், கணு முறிந்தது. இரண்டாவதை இன்று தொடங்கியிருக்கின்றார்.