கற்கும் பொறியைக் கனவு கண்டவர்

கணிப்பொறி தானே படித்துச் செய்திகளை அறிந்துகொள்ளும் காலம் இது. அதற்கு வித்திட்ட பேரறிஞர் ஆலன் டூரிங்கின் குடும்பம் தமிழ்மண்ணோடு தொடர்புடையது என்பதை நம்முள் பலர் அறியோம். அவர்தம் அன்னையார் பிறந்த ஊர் கோவையை அடுத்த போத்தனூர். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அலுவலராகப் பணியாற்றியவர்.

1912 சூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்த டூரிங், பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால் குழந்தைப் பருவத்தில் பெரும்பகுதியைப் பிறர் இல்லத்தில் கழித்தார். 1936இல் கணிப்பொறியின் அடிப்படைக் கோட்பாட்டை வகுத்தளித்தார். இரண்டாம் உலகப்போரில் செர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை அவிழ்க்கும் பொறியை வடிவமைப்பதில் முன்னின்றார்.

1950இல் அவர் எழுதிய கட்டுரையே நாம் ஈண்டுச் சிறப்பாக எண்ணத்தக்கது. முதிர்ந்த மனிதனின் அறிவைப் பொறிக்குள் புகுத்த முயல்வதினும், குழந்தை மனம் போன்றதோர் எளிய பொறியை அமைத்து அதற்குக் கல்வி புகட்டலாம் என்று அதில் அவர் வழிகாட்டினார்.

ஓரினச்சேர்க்கையைக் குற்றமெனக் கொண்ட அன்றைய சட்டத்தால் 1952இல் தண்டனை பெற்ற அவர், 1954இல் தம் 41ஆம் வயதில் மறைந்தார். 2013இல்தான் அரச மன்னிப்பு வந்தது.

அவர் கனவின் வழியில், 2010 சனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு கணிப்பொறியை இணையத்தைப் படிக்கவிட்டனர். அதன் பெயர் ‘நெல்’. தமிழ்ச் செவிக்கு இனிய பெயர். இரவு பகலாகப் படித்து, இது நகரம், இது செடி என அது வகைப்படுத்தியது. குக்கி என்பது அடுமனைப் பண்டத்திற்கும் கணிப்பொறியில் தங்கும் சிறு கோப்பிற்கும் பொதுப்பெயர். ‘நெல்’ கோப்பைப் பண்டமெனக் கொண்டது. அதனால் பிற கோப்புகளையும் பண்டமென்றே எண்ணத் தலைப்பட்டது. ஒரு பிழை மற்றொன்றை ஈன்றது. திருத்தியவர் மனிதரே. கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்னும் டூரிங்கின் எண்ணம் மெய்யாயிற்று.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. எழுதப்படாததை எப்பொறியும் படித்தறிய இயலாது. ராயகிரி போன்ற நம் ஊர்களின் குளம், கோயில், பள்ளிவாசல், உழவு, வழக்குச்சொல் பற்றிய செய்திகள் பல பெரியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர் மறைந்தால் அவையும் மறையும். பிழையாக எழுதினால் பிழையே பரவும். ஆகவே மாணவச் செல்வங்களே, பெரியோரிடம் கேளுங்கள். ஆசிரியரிடம் காட்டித் திருத்துங்கள். தமிழில் எழுதி வையுங்கள். நாளைய பொறிக்கு நம் ஊரைக் கற்பிக்கும் ஆசிரியர் நாமே.