டாக்டர் ஜானதன் மேன்

புதிதாய் ஒரு வியாதி தோன்றுங்கால் அதனுடன் அச்சமும் தோன்றுகின்றது. வியாதி ஒருவன் உடலைத் தாக்கும். அச்சமோ ஊர் முழுவதையும் தாக்கும். குஷ்டரோகிகளை ஊர்ப்புறத்தே தள்ளிய பழங்கதையை நாம் அறிவோம். எய்ட்ஸ் என்னும் நோயையும், அதனாற் பிறந்த அச்சத்தையும் ஒருங்கே எதிர்த்து நின்ற வைத்தியர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக வரைவோம்.

ஜானதன் மேன் 1947-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரிற் பிறந்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையிற் பயின்றபின், 1974-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் நியூ மெக்ஸிகோ மாகாணத்திற் பல்லாண்டு தொற்றுநோய் ஆராய்ச்சி அதிகாரியாய்ப் பணியாற்றினார்.

எய்ட்ஸ் நோய் 1981-இல் முதன்முதல் விவரிக்கப்பட்டது. 1984-இல் மேன் ஆப்பிரிக்காவில் அப்பொழுது ஜயர் எனப்பட்ட காங்கோ நாட்டின் தலைநகராகிய கின்ஷாஸாவுக்குச் சென்று, அந்நாட்டு வைத்தியரோடு கூடி ஆராய்ச்சி நடத்தினார். நோயாளிகளின் இல்லத்தார் பலரின் இரத்தத்தை அவர்கள் சோதித்தனர். கணவன் மனைவியர்க்குள்ளும், தாயிடமிருந்து சேய்க்கும் நோய் தொற்றக் கண்டனர். ஆனால் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய ஏனையோர்க்கு அதனால் தொற்றவில்லை. உடனிருத்தலால் இந்நோய் பரவாது என்னும் உண்மை இவ்வாறு வலுப்பெற்றது.

1986-இல் ஜினீவா நகரத்து உலக சுகாதார ஸ்தாபனம் எய்ட்ஸ் தடுப்பு வேலையை அவரிடம் ஒப்புவித்தது. மறு ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையில் இந்நோயைக் குறித்து அவர் உரையாற்றினார். 1988 டிசம்பர் முதல் தேதி, உலக எய்ட்ஸ் தினம் முதன்முறையாக அநுஷ்டிக்கப்பட்டது.

அக்காலத்தே பல தேசத்தார் யாவரையும் கட்டாயமாய்ச் சோதிக்க வேண்டுமென்றும், நோயுற்றோரை எல்லைக்கு அப்பால் நிறுத்த வேண்டுமென்றும் கூக்குரலிட்டனர். மேன் இதற்கு இணங்கவில்லை. இரக்கத்தால் மட்டுமன்று, நோய்த்தடுப்பு முறையாலும் அவர் இதனை மறுத்தார். சோதனையின் பயன் வேலையிழப்பும் அவமானமுமே யாயின், எவர்தாம் சோதனைக்கு வருவர்? உயிர் காக்கும் மருந்தும் அன்று இல்லை. மறைந்து வாழ்வோரிடமிருந்து நோயும் மறைவாகவே பரவும். ஆதலின் சம்மதமும், ஆலோசனையும், இரகசியமும் சோதனையின் அங்கங்கள் என அவர் வற்புறுத்தினார். 1990-இல் தலைமை அதிகாரியோடு கருத்து வேற்றுமை முற்றவே, அப்பெரும் பதவியைத் துறந்தார். ஹார்வர்டு சென்று, சுகாதாரமும் மனித உரிமையும் பிரியாதவை எனப் போதித்து வந்தார்.

1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சை நோயாளிகளுக்கு வாழ்வளிக்கலாயிற்று. அதன் முழுப் பயனைக் காண அவர் இருந்தாரில்லை. 1998 செப்டம்பர் 2-ஆம் தேதி, ஜினீவாவுக்குச் சென்றுகொண்டிருந்த விமானம் கானடா நாட்டருகே கடலில் வீழ, அவரும், தடுப்பூசி ஆராய்ச்சியிற் சிறந்த அவர் மனைவியாரும், உடனிருந்த யாவரும் மாண்டனர்.

இன்றோ, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில துளி இரத்தத்தால் இச்சோதனை நடைபெறுகின்றது. முதற் சோதனையில் நோய்க்குறி கண்டால் வேறுவகைச் சோதனைகளால் உறுதி செய்கின்றனர். தொற்றிய முதற் சில வாரங்களில் அது வெளிப்படாதிருக்கலாம். ஐயமிருப்பின் மீண்டும் சோதித்தல் வேண்டும். கர்ப்பிணிக்கு நோய் தெரியின் உரிய மருந்தாற் பெரும்பாலும் சேயைக் காக்கலாம். நாடோறும் மருந்துண்டு, இரத்தத்திற் கிருமி காணவொண்ணாதவாறு குறைந்த நிலையில் நீடிப்பவர், உடற்சேர்க்கையாற் பிறர்க்கு நோயைத் தருவதில்லை. நம் இந்திய தேசத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் சோதனைக்குச் சம்மதத்தையும் இரகசியத்தையும் விதித்துள்ளது.

எனினும் மருந்தும் சட்டமும் இருந்தும், அண்டை வீட்டார் என் சொல்வரோ என்றஞ்சி அந்நிலையத்தின் வாயிலிலிருந்து திரும்பிச் செல்வோர் உளர். அவர்களை உள்ளே அழைத்துச் செல்வது மருந்தன்று, நம் நடத்தையே. வைத்தியராகப் போகும் மாணவர் மட்டுமன்றி நாம் அனைவரும் இதனை மனத்திற் கொள்வோமாக.