சுழலும் நாற்காலியும் பாயும் குண்டும்

தொடர்வண்டி ஒன்று கூரிய வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் பயணம் செய்த எர்ன்ஸ்ட் மாக்கின் கண்களுக்கு வெளியே நின்ற வீடுகளும் மரங்களும் சாய்ந்து தோன்றின. உண்மையில் சாய்ந்திருந்தது வண்டி. உடல் அதனை ஏன் உணரவில்லை? விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நீங்களும் இக்காட்சியைக் கண்டிருக்கலாம். மாக் அதனை அவ்வளவில் விட்டுவிடவில்லை.

அவர் 1838ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த மொராவியாவில் பிறந்தார். படிப்பில் திறமையற்றவன் என்று பள்ளி ஆசிரியர்கள் கருதிய அச்சிறுவனுக்குத் தந்தையே வீட்டில் பாடம் சொன்னார். தச்சுத்தொழிலும் கற்பித்தனர். அவரே 1867இல் பிராக் நகரில் இயற்பியல் பேராசிரியரானார்.

அங்கே அவர் சுழலும் சட்டம் ஒன்றில் நாற்காலியைப் பொருத்தினார். வெளியே எதுவும் தெரியாதபடி தாளால் மூடி, உள்ளே தாமே அமர்ந்தார். சுழற்சி தொடங்கியபோது அதனை உணர்ந்தார். வேகம் மாறாமல் நீடித்ததும் அவ்வுணர்வு மங்கியது. நாற்காலி நின்றவுடன் எதிர்த்திசையில் சுழல்வதுபோல் தோன்றியது. உடல் அறிவது வேகத்தை அன்று, வேகத்தின் மாற்றத்தையே என அவர் கண்டார். உட்செவியின் அரைவட்டக் குழல்களே அதனை மூளைக்கு உணர்த்துகின்றன என்னும் கருத்தை 1875இல் நூலாக வெளியிட்டார். வியன்னாவில் புராயர் என்னும் மருத்துவரும் தனியே இதே முடிவை எட்டினார்.

பின்னர் மாக்கின் கவனம் துப்பாக்கிக் குண்டின்பால் திரும்பியது. ஒலியை விஞ்சும் குண்டு காற்றைக் கிழிக்கும்போது எழும் அதிர்வலையைச் சால்கர் என்பவர் மின்பொறியின் ஒளியில் படமெடுத்தார். அப்படங்களை இருவரும் 1887இல் வெளியிட்டனர்.

எனினும் மாக் பிழையே செய்யாதவர் அல்லர். அணுக்கள் உண்டு என்பதை அவர் நெடுங்காலம் ஏற்க மறுத்தார்.

1898இல் மற்றொரு தொடர்வண்டிப் பயணத்தில் பக்கவாதம் அவரைத் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. அசையாத கையை அசைக்க எண்ணும்போது உள்ளே என்ன உணர்வு தோன்றுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்து எழுதினார். 1916இல் மறைந்தார்.

பொருளொன்று ஒலியைப்போல் எத்தனை மடங்கு வேகத்தில் செல்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு 1929இல் ஆக்கெரெட் என்னும் அறிஞர் மாக்கின் பெயரைச் சூட்டினார். புவியைச் சுற்றித் திரும்பும் விண்கலம் ஏறத்தாழ மாக் 25 வேகத்தில் வளிமண்டலத்தினுள் நுழைகிறது. அதில் செல்வோருள் சிலர் புறப்படுமுன் சுழலும் நாற்காலியில் பயிற்சி பெறுகின்றனர்.